ஒரு சாண் கொடிக்குள்

கெடாவின் சுங்கைப்பட்டாணியிலோ பீடோங்கிலோ கூலிமிலோ ஒரு தாமான் குடியிருப்பு வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தால், வீட்டுக்காரர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவரா டவுனில் பிறந்தவரா என்று கேட்காமலே தெரிந்துவிடும். தோட்டத்தில் பிறந்தவர் வீட்டைச் சுற்றி முழுக்கச் சிமெண்டு போட்டு மூட மாட்டார். நான்கடி அகலத்துக்காவது மண்ணை விட்டு வைத்திருப்பார். அதில் ஒரு கறிவேப்பிலை, ஒரு முருங்கை, இரண்டு வாழை, கொஞ்சம் லெங்குவாஸ், பண்டான் இலை. இவற்றுக்கெல்லாம் கீழே, வேலியோரமாக, தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும் வள்ளிக்கிழங்குக் கொடி, அதாவது சர்க்கரைவள்ளி.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் வாழைத்தாரைக் காட்டுவார்கள். முருங்கைக்காயைப் பறித்துக் கையில் கொடுத்தனுப்புவார்கள். வள்ளிக்கொடியை யாரும் கூட்டிப்போய்க் காட்டுவதில்லை. அது ஏழைச் சாப்பாடு என்று பெயரெடுத்துவிட்ட பயிர். பஞ்சத்தில் தின்றது, தோட்டத்துக் காலை ஆள்கணக்கான பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் விடிவதற்கு முன் தின்றது, வசதி வந்ததும் மறந்தது. கடவுளின் படைப்பைப் பற்றிப் பேசுகிறவர்களும் மயிலைச் சொல்வார்கள், தாமரையைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், வீட்டுக்குப் பின்னாலேயே நின்று வியக்கத்தக்கதாக ஒன்றைச் சொல் என்றால், இந்தக் கொடியைத்தான் சொல்வேன். மேலே தெரிகிற கொடியில் பெரிய அழகு ஒன்றும் இல்லை. மண்ணுக்குள் அது செய்கிற காரியங்கள்தாம் கைகூப்ப வைப்பவை.

நடுவதற்கு விதை வேண்டாம், கிழங்கும் வேண்டாம். நன்றாக ஓடிய கொடியின் நுனியிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக, 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை, வெட்டிக்கொண்டால் போதும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈரச் சாக்கில் சுற்றி ஒன்றிரண்டு நாள் நிழலில் போட்டு வைப்பார்கள். இலைகள் வாடித் தொங்கிவிடும். புதிதாகப் பார்க்கிறவர் இது செத்துப்போயிற்று என்று தூக்கிப் போட்டுவிடுவார். அந்த நேரத்தில் கணுவைக் கட்டைவிரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். காம்பின் அடியில் மணல் பருக்கையைப் போல் நெருடும். அவை வேர் முளைகள். நாம் வெட்டியதால் வந்தவை என்று நினைக்க வேண்டாம். அந்தக் கணு கொடியில் உருவானபோதே, அது மண்ணைத் தொடுமா என்பதே தெரியாத காலத்தில், உள்ளே வைத்து முடிக்கப்பட்டவை. கத்தி வருவதற்கு முன்பே பிழைக்கும் வழி கணுவுக்குக் கணு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

மேடு கட்டி, இரண்டு மூன்று கணு உள்ளே போகும்படி சாய்வாகப் புதைக்கிறோம். ஓரிரு நாளில் வேர் இறங்கிவிடுகிறது. எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை நூல்கள். எது எதுவாகும் என்று கண்ணால் சொல்ல முடியாது. ஆனால் அவற்றின் விதி ஒன்றல்ல. சில நூலாகவே இருந்து தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சிக் கொடுக்கும். சில பென்சில் பருமனுக்கு வந்து, உள்ளே கட்டையேறி, அத்தோடு நின்றுவிடும். சில மட்டும் கிழங்காகும். இந்தத் தரம்பிரிப்பு பெரும்பாலும் நட்ட முதல் சில வாரங்களிலேயே நடந்து முடிகிறது. வேரின் நடுப்பகுதி சீக்கிரமே கட்டையாகிவிட்டால் கதை அவ்வளவுதான். அதன்பின் எவ்வளவு பாடுபட்டாலும் அந்த வேர் கிழங்காகாது. கட்டையாகாமல் இளமையாகவே இருந்து, அதற்குள் புதிய வளர்திசு வளையங்கள் தோன்றிப் பக்கவாட்டில் பெருக ஆரம்பித்தால், கொடி சேர்க்கிற மாவெல்லாம் அங்கே போய் இறங்கத் தொடங்குகிறது. நான்கு மாதம் கழித்து நாம் தோண்டி எடுக்கப்போவது என்ன என்பது, மேலே நாலு இலை துளிர்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே இருட்டில் முடிவாகிவிடுகிறது.

எதைப் பார்த்து முடிவாகிறது? வேருக்குக் கிடைக்கிற காற்றையும் ஈரத்தையும் உரத்தையும் பார்த்து. மண் காய்ந்து கிடந்தாலும் வேர் கட்டையேறும். தண்ணீர் தேங்கிக் காற்று போகாவிட்டாலும் கிழங்கு கட்டாது. கெடாவில் புரட்டாசி, ஐப்பசி மழையைத் தெரிந்தவர்களுக்கு மேடு எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. பொங்கலுக்குத் தோண்டவேண்டும் என்றால் செப்டம்பர் கடைசியில் நட்டாக வேண்டும். அதாவது, வருடத்திலேயே அதிக மழை கொட்டுகிற நேரத்தில் அந்தக் குழந்தை வேர்கள் முடிவெடுக்க வேண்டும். முழங்கால் உயரத்துக்கு மேடு போட்டவர் வீட்டில் கிழங்கு. தரையோடு நட்டவர் வீட்டில் கீரை.

உரத்தைப் பற்றி இன்னொரு வேடிக்கை. பக்கத்துத் தாமானில் ஓர் இளைஞர், வேலை விட்டு வந்த மாலைகளில் தோட்டம் போட ஆசைப்பட்டு, மேடு முழுக்கக் கோழிச் சாணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பாட்டிக்குப் பொறுக்கவில்லை.

“இவ்ளோ சாணம் போடாத தம்பி. கொடி கோலாலம்பூர் வரைக்கும் ஓடும், கெழங்கு வராது.”

“அப்ப என்னதான் பாட்டி போடறது?”

“அடுப்புச் சாம்பல் கொஞ்சம் தூவு. போதும். அது பட்டினி கெடந்தாத்தான் சேத்து வைக்கும்.”

பாட்டி படித்தது தோட்டத்துப் பள்ளியில், அதுவும் சில வருடம்தான். ஆனால் விவசாயக் கல்லூரிப் புத்தகம் சொல்வதும் இதேதான். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அதிகமானால் வள்ளி முழுக்க இலையும் தண்டுமாகப் போய்விடும், வேர்கள் கட்டையேறும். கிழங்கு பருக்க வேண்டியது சாம்பல்சத்து, அதாவது பொட்டாசியம். ரப்பர் விறகு எரித்த அடுப்பில் அது தாராளமாகக் கிடைத்தது. தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டுப் பெண்கள் அடுப்பை வழித்துச் சாம்பலை மேட்டில் கொட்டியது, குப்பையைப் போக்குகிற வேலை மட்டும் இல்லை. தழைச்சத்துக் குறைந்த ஏழை மண்ணில் இந்தக் கொடி எப்படி இவ்வளவு வளர்கிறது என்று தேடிய ஆய்வாளர்கள், காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரக்கூடிய நுண்ணுயிர்கள் கொடிக்குள்ளேயே குடியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். பயறு வகைகள் வேரில் முடிச்சுப் போட்டுக்கொண்டு செய்கிற காரியத்தை இது முடிச்சும் இல்லாமல், விளம்பரமும் இல்லாமல் ஓரளவு செய்துகொள்கிறது. சம்பள நாளில் எல்லாருக்கும் கொடுத்தது போக மிச்சத்தை மிலோ டின்னில் போட்டு மூடிய தோட்டத்துப் பெண்களைப்போல, இருப்பது குறைவாக இருக்கும்போதுதான் இதற்குச் சேமிக்கத் தோன்றுகிறது.

கொடி ஓட ஓட, கணு தரையில் படுகிற இடத்திலெல்லாம் வேர் விடும். அதை அப்படியே விட்டால் சேர்க்க வேண்டிய மாவு பல இடங்களுக்குச் சிதறும் என்பதால், இடையிடையே கொடியைத் தூக்கிப் புரட்டி மேட்டின் மேலேயே போடுவது வழக்கம். புரட்டும்போது கொத்துக் கொத்தாக நுனிகளைக் கிள்ளிக்கொள்வார்கள். நெத்திலி போட்டுப் பிரட்டினால் கங்கோங் கீரைக்குச் சற்றும் குறையாது. மலாய்க்காரர்கள் தேங்காய்ப் பாலில் போடுவார்கள். கிழங்கு வருவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கிற பயிர் வேறு எத்தனை இருக்கின்றன?

கடையில் வள்ளியையும் உருளையையும் பக்கத்தில் பக்கத்தில் கொட்டி வைத்திருப்பதால் இரண்டும் உறவு என்று நினைக்கிறோம். நெருங்கிய உறவு இல்லை. உருளைக்கிழங்கு என்பது மண்ணுக்குள் பருத்த தண்டு; அதனால்தான் அதன்மேல் கண்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஓர் அரும்பு. வள்ளிக்கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், கண் கிடையாது. அது பருத்த வேர். வேருக்கு அரும்பு இருக்காது என்பது பாடப்புத்தக விதி. ஆனால் ஒரு முழுக் கிழங்கை ஈர மணலில் வைத்துவிட்டால், கொடியோடு ஒட்டியிருந்த முனைப் பக்கத்தில் இல்லாத இடத்திலிருந்து அரும்பு பிறந்து, ஊதா நிறத் தளிராக நீட்டிக்கொண்டு வரும். தண்டுக்குள் வேர் ஒளிந்திருக்கிறது. வேருக்குள் தண்டு ஒளிந்திருக்கிறது. எந்தப் பக்கம் வெட்டினாலும் மறுபக்கத்தைத் தானே செய்துகொள்ளும். கண்ணும் கையும் இல்லாத ஒன்றுக்கு எது மேல் எது கீழ் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

கெடாத் தோட்டங்களில் இந்தக் கொடிக்கு ஒரு காலத்தில் நிஜமான மரியாதை இருந்தது. அது ஜப்பான்காரன் காலம். 1941 டிசம்பரில் ஜித்ராவில் நடந்த சண்டையில் பிரிட்டிஷ் படை பின்வாங்கிய சில நாட்களுக்குள் கெடா முழுதும் கைமாறியது. 1943 அக்டோபரில் ஜப்பானியர் இந்த மாநிலத்தைத் தாய்லாந்திடம் ஒப்படைத்தார்கள். மலாயாவுக்கு அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்தது; போரில் அந்தக் கப்பல்கள் நின்றன. கெடா நெல் விளைகிற பூமிதான். ஆனால் பால்வெட்டுத் தொழிலாளிக்கு வயல் ஏது? அவன் அரிசி தோட்டத்துக் கடையிலிருந்து வந்தது. ரப்பருக்கு வாங்குவாரில்லை, கடையில் அரிசியில்லை. ஆண்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோய்விட்ட லயங்களில் மிஞ்சியிருந்த பெண்களும் கிழவர்களும் பிள்ளைகளும் லயத்துக்குப் பின்னாலிருந்த மண்ணைத்தான் நம்பினார்கள்.

அந்த நான்கு வருடத்தைப் பற்றிப் பேசும் எல்லாரும் மரவள்ளியைத்தான் முதலில் சொல்வார்கள். அதுதான் வயிற்றை நிரப்பியது, உண்மை. ஆனால் மரவள்ளி கிழங்குக்கு ஒன்பது பத்து மாதம் காக்க வைக்கும். நச்சுத்தன்மை உள்ள வகை வந்து சேர்ந்தால் சரியாக அவிக்காமல் தின்றவர் உயிருக்கே ஆபத்து. வள்ளிக்கொடி நட்ட ஒரு மாதத்தில் கீரை கொடுத்தது, நான்கு மாதத்தில் கிழங்கு கொடுத்தது, வேரோடு பிடுங்கிய அன்றே மறுபடி நடக் கொடியும் கொடுத்தது. விதைக்குக் காசு கேட்கவில்லை. ஒரு லயத்தில் ஒரே ஒரு வீட்டில் கொடி இருந்தாலும் அடுத்த மாதம் லயம் முழுக்க இருக்கும். மரவள்ளிக்கும் இதே குணம் உண்டுதான். ஆனால் அதன் தண்டு முற்ற வேண்டும். இதற்கு நேற்றைய நுனி போதும். இப்போது எண்பதைத் தாண்டியவர்களில் சிலர் இன்றும் வள்ளிக்கிழங்கைத் தொட மாட்டார்கள். அப்போது தின்ற தீனி போதும் என்பார்கள். அதையும் ஒரு விதமான நன்றியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

பஞ்சத்துக்குப் பயந்தவர்களை இந்தக் கொடி காப்பாற்றியது அதுதான் முதல்முறை என்றில்லை. இது நம் பக்கத்துப் பயிரே கிடையாது. பிறந்த இடம் மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவின் வடபகுதியும். 1025ஆம் ஆண்டு இராசேந்திர சோழனின் கப்பல்கள் கடாரத்துக்கு, அதாவது இந்தக் கெடாவுக்கு, வந்தபோது இங்கேயும் இந்தக் கிழங்கு இல்லை, தஞ்சையிலும் இல்லை. வள்ளியம்மையைக் கண்டெடுத்த குழி வள்ளிக்கிழங்குக் குழி என்று கந்தபுராணம் சொல்கிறதே என்றால், அது காட்டு வள்ளி, வேறு குடும்பம். சர்க்கரைவள்ளி ஆசியாவுக்கு வந்தது பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர், ஸ்பானியர் கப்பல்களில். 1594இல் சீனாவின் ஃபூஜியன் மாநிலத்தில் பயிர் பொய்த்தபோது, அதற்கு முந்தைய ஆண்டுதான் லூசோன் தீவிலிருந்து வந்து சேர்ந்திருந்த இந்தக் கொடியை நடச் சொல்லி அங்கே அதிகாரிகள் ஊரூராகச் சொல்லியனுப்பினார்கள். அந்த ஃபூஜியன் வம்சத்து ஹொக்கியன் குடும்பங்கள் சுங்கைப்பட்டாணிக் கடைத்தெருவில் இன்றும் அரிசிக் கஞ்சியில் வள்ளிக்கிழங்கைத் துண்டு போட்டுக் காய்ச்சுகின்றன. அதே தெருவில் மலாய்க்கார மக்சிக் ஒருவர் அதே கிழங்கை அவித்து மசித்து, வளையமாக உருட்டிப் பொரித்து, சீனிப்பாகில் புரட்டிக் குவே கெரியா விற்கிறார். நம் வீட்டில் பொங்கல் படையலில் கரும்புக்குப் பக்கத்தில் அவித்த கிழங்கு. மூன்று இனத்தின் அடுப்பிலும் ஏறியிருந்தும் எந்த இனத்தின் சொந்தப் பயிராகவும் இல்லாத ஒன்று இது.

அதைவிட விசித்திரமான செய்தி 2015இல் வந்தது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தையும் பெரு நாட்டின் லிமாவில் உள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் பயிர்செய்யப்படும் சர்க்கரைவள்ளி வகைகளில் 291 மாதிரிகளை எடுத்து மரபணுவைப் பார்த்தார்கள். அத்தனையிலும் ஒரு பாக்டீரியாவின் மரபணுத் துண்டு இருந்தது. அக்ரோபாக்டீரியம் என்கிற அந்த மண் நுண்ணுயிர், தன் மரபணுவில் ஒரு பகுதியைச் செடிக்குள் செலுத்தும் திறமை கொண்டது. ஆய்வுக்கூடங்களில் மரபணு மாற்றுப் பயிர் செய்கிறவர்கள் அதைத்தான் ஊசியாகப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் காரியம் எந்த ஆய்வுக்கூடமும் இல்லாத காலத்தில், ஏதோ ஒரு மண்ணில், ஒரு காட்டுக்கொடிக்குள் நடந்திருக்கிறது. அவர்கள் பார்த்த நெருங்கிய காட்டு உறவுகளில் அந்தத் துண்டு இல்லை. மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்த எல்லாவற்றிலும் இருக்கிறது. அதனால்தான் வேர் கிழங்கானதா என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், நம் முன்னோர் கைவைத்துப் பொறுக்கிய குணத்துக்கும் அதற்கும் ஏதோ தொடர்பு இருக்கலாம் என்று அவர்கள் கருதுகிறார்கள். மரபணு மாற்றம் என்றதும் முகத்தைச் சுளிக்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாக அதை அவித்துத் தின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். படைத்தவன் சில காரியங்களை நம்மிடம் சொல்லாமலேயே முன்கூட்டிச் செய்துவிடுகிறான்.

எதிரிகளும் உண்டு. முதல் எதிரி கிழங்கு வண்டு. எறும்பு என்று நினைத்து விட்டுவிடும் அளவுக்குச் சின்னது. உடல் கருநீலம், நடுப்பகுதி சிவப்பு, முன்னால் நீண்ட மூக்கு. அதற்கு மண்ணைத் தோண்டத் தெரியாது. தை, மாசி வெயிலில் மேடு காய்ந்து, உள்ளே பருத்த கிழங்கு மண்ணைத் தள்ளி வெடிப்பு விடும்போது, அந்த வெடிப்பு வழியாக இறங்கி முட்டையிடும். அதனால் மழை விட்டதும் வாரத்துக்கு ஒருமுறை மேட்டின் தலையில் மண்ணணைத்து வெடிப்பை மூடுகிறவர் தப்பிப்பார். சோம்பேறிக்கு வண்டு தின்ற மிச்சம். கிழங்கும் சும்மா இருப்பதில்லை. வண்டு துளைத்த இடத்தில் கசப்புப் பொருள்களைச் சுரந்து நிரப்பிவிடுகிறது. ஒரே ஒரு துளை இருந்தாலும் முழுக் கிழங்கும் கசக்கிறது என்று நாம் திட்டுகிறோம். அது நமக்காகச் சுரந்த கசப்பு இல்லை. கெட்டுப்போன அந்தக் கிழங்கை மாட்டுக்கும் போடக் கூடாது.

இலையில் நடப்பது இன்னும் நுட்பம். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தாரும் தைவான் தேசியப் பல்கலைக்கழகத்தாரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், தைவானின் ஒரு வள்ளி வகையின் இலையைப் புழு கடித்ததும், அந்த இலையிலிருந்து தனி வாசனைப் பொருள் ஒன்று காற்றில் கிளம்புவதைக் கண்டார்கள். அந்த வாசனை படுகிற மற்ற இலைகளும், கடிபடாத பக்கத்துச் செடியும்கூட, ஒரு புரதத்தைத் தயாரிக்க ஆரம்பிக்கின்றன. ஸ்போரமின் என்கிற அந்தப் புரதம் புழுவின் வயிற்றில் செரிமானத்தைத் தடுத்துவிடும். கிழங்குக்குள் சேமிப்பாக இருக்கும் புரதமும் பெரும்பாலும் அதே ஸ்போரமின்தான். பச்சைக் கிழங்கைக் கடித்தால் நம் வயிறு முணுமுணுப்பதும் அதனால்தான். அவித்தால் அதன் வேலை தீர்ந்துவிடுகிறது. ஒரே பொருள், கீழே சேமிப்பு, மேலே காவல். எல்லா வகைக்கும் இந்த எச்சரிக்கை குணம் ஒரே அளவில் இல்லை என்பதும் அந்த ஆய்விலேயே தெரிந்தது. வீட்டுக்கு வீடு கொடி மாற்றிக்கொண்ட நம் பாட்டிமார் பூச்சி தாங்குகிற கொடியையே தேடி வாங்கியதன் காரணம் விளங்குகிறது.

மூன்றரை, நான்கு மாதத்தில் அடி இலைகள் மஞ்சளாகும். தோண்டலாமா என்று கேட்டால் பழைய ஆட்கள் மேட்டின் ஓரத்தைக் கிளறி, ஒரு கிழங்கை எடுத்து இரண்டாக உடைப்பார்கள். உடைத்ததும் வெட்டுவாயில் வெள்ளையாகப் பால் துளிர்க்கும். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த கைக்குப் பால் புதிதில்லை, விரலில் ஒட்டினால் கறை போகாது என்பதும் தெரியும். அந்தப் பால் உலர்கிறவரை காத்திருக்க வேண்டும். கருத்துப் பச்சை படர்ந்தால் இன்னும் முற்றவில்லை, மூடிவிட்டுப் போகலாம். வெள்ளையாகவே உலர்ந்தால் மண்வெட்டியை எடுக்கலாம்.

முதலில் கொடியை அரிந்து ஒதுக்க வேண்டும். பிறகு மேட்டின் நடுவில் கொத்தாமல், ஒரு முழம் தள்ளி வெட்டி, கையால் மண்ணை விலக்கிக்கொண்டே வருவது நல்லது. புதிதாக எடுத்த கிழங்கின் தோல் குழந்தைத் தோல். விரல் நகம் பட்டாலே உரியும். அப்படி உரிந்த இடத்தை அது தானே ஆற்றிக்கொள்ளும், அதற்கு வெதுவெதுப்பும் ஈரமும் வேண்டும். ஏறக்குறைய 30 டிகிரி வெப்பம், 85 முதல் 90 விழுக்காடு ஈரப்பதம், நான்கிலிருந்து ஏழு நாள். குளிர் நாடுகளில் இதற்கென்று அறை கட்டிச் சூடேற்றுகிறார்கள். கெடாவில் பின்கட்டுக்கு அடியில் நிழலான மூலை இருந்தால் காசில்லாமல் அதே அறை. அந்த ஒரு வாரத்தில் காயத்தின் மேல் தக்கை போன்ற புதுத் தோல் கட்டி, கிருமி உள்ளே போக வழியில்லாமல் அடைத்துவிடுகிறது; உள்ளே இனிப்பும் சற்றுக் கூடுகிறது. வேர் செடியிலிருந்து பிரிந்த பிறகும், தனக்கென்று ஒரு வேலையும் இல்லாத நிலையிலும், மூடி மூடித் தன்னைக் காத்துக்கொள்கிறது. குளிர்பெட்டியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே நடுக்கட்டை விழுந்து, எவ்வளவு அவித்தாலும் வேகாது.

இனிப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கிழங்கில் நாம் ருசிக்கிற தித்திப்பில் பெரும்பகுதி தோண்டும்போது அதில் இருப்பதில்லை. பச்சைக் கிழங்கில் மால்டோஸ் என்கிற சர்க்கரை ஏறக்குறைய இல்லவே இல்லை. சூடு 60 டிகிரியைத் தாண்டி மாவு குழையத் தொடங்கும்போது, அதுவரை சும்மா கிடந்த ஒரு நொதி அந்த மாவை வெட்டி வெட்டி மால்டோஸ் ஆக்குகிறது. 80 டிகிரியை நெருங்கியதும் அந்த நொதியே அழிந்துபோகிறது. எழுபதை ஒட்டிய அந்தச் சின்ன இடைவெளியில் கிழங்கு எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு இனிப்பு. மைக்ரோவேவில் ஐந்து நிமிடத்தில் வெந்தது ஏன் சப்பென்று இருக்கிறது, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அணைந்த ரப்பர் விறகுக் கங்கில், சாம்பலுக்குள் புதைத்து வைத்து விடியற்காலையில் தட்டி எடுத்தது ஏன் தேனாக இருந்தது என்பதற்கு இதுதான் விடை. பெரட்டுக்குப் போகிறவர் நாலு மணிக்கு உடைத்துத் தின்ன அதைப் புதைத்து வைத்த அம்மாவுக்கு நொதி என்ற பெயர் தெரியாது. அந்த இடைவெளி தெரிந்திருந்தது.

நிறமும் ஒரு பாடம். வெள்ளை, மஞ்சள், ஊதா, ஆரஞ்சு என்று பல வகை. மர்டி, அதாவது மலேசிய வேளாண் ஆய்வு நிலையம், 2007இல் விட்டாட்டோ என்ற ஆரஞ்சு வகையை வெளியிட்டது; இப்போது பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தைகளிலும் அது கண்ணில் படுகிறது. காரட்டுக்கு நிறம் தருகிற பீட்டா கரோட்டின்தான் இதற்கும் நிறம் தருகிறது, உடலுக்குள் போய் வைட்டமின் ஏ ஆகிறது. ஆரஞ்சு வகையில் 125 கிராம், ஒரு சின்னக் கிழங்கு, பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைக்கு ஒரு நாள் முழுவதற்குமான அந்தச் சத்துக்குப் போதும். ஆப்பிரிக்காவில் பிள்ளைகளின் கண்ணையும் உயிரையும் காக்க இந்த வகையைப் பரப்பியவர்களுக்கு 2016இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. வெள்ளைக் கிழங்கில் அந்தச் சத்து மிகக் குறைவு, ஆனால் எந்த நிறக் கிழங்கின் கீரையிலும் அது இருக்கிறது. பஞ்ச காலத்து லயங்களில் கிழங்கோடு கீரையையும் விடாமல் தின்றார்களே, அதில் எவ்வளவு அர்த்தம் என்று இப்போது அளந்து சொல்ல முடியாது.

கடைசியாகப் பூ. நம் பக்கத்தில் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக இருப்பதால் சில வகைகள் இங்கே பூக்கும். வெளிறிய ஊதாப் புனல், தொண்டையில் அடர்ந்த நிறம். விடியற்காலையில் விரிந்து பத்துப் பதினொரு மணிக்குள் சுருண்டுவிடும். சாக்கடையோரக் கங்கோங்கின் பூவையும், கோலமூடா கடற்கரை மணலில் ஓடும் அடம்பின் பூவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியும். தன் மகரந்தம் தனக்கு ஆகாது. வேறு வகைக் கொடியிலிருந்து தேனீ கொண்டுவர வேண்டும். அப்படிக் காய்த்தால் சின்ன உருண்டைக் காய்க்குள் ஒன்றிலிருந்து நான்கு வரை கறுப்பு விதை. இந்தச் செடிக்கு நிறப்புரிகள், அதாவது குரோமோசோம்கள், ஆறு கட்டு, மொத்தம் 90. அவை கலைந்து கலந்து வருவதால் ஒரே காயின் இரண்டு விதைகூட ஒன்றுபோல் இருக்காது. கொடியாக நட்டால் தாயின் அச்சு. விதையாகப் போட்டால் உலகத்தில் இதுவரை இல்லாத ஒன்று. புதிய வகைகளை உருவாக்குகிறவர்கள் ஆயிரக்கணக்கில் விதை போட்டு அதில் ஒன்றைத்தான் எடுக்கிறார்கள்.

வீட்டில் யாரும் விதை போடுவதில்லை, தேவையும் இல்லை. இருந்தாலும் பக்கத்து வீட்டு வெள்ளை வகையும் எங்கள் ஆரஞ்சு வகையும் வேலியில் பின்னிக்கொண்டு பூத்ததில் சில காய்கள் கிடைத்தன. விதைத்தோல் கல் மாதிரி. மணல் தாளில் உரசி ஓர் இரவு ஊற வைத்தால்தான் தண்ணீர் உள்ளே போகும். சில முளைத்து, இரட்டைக் கொம்புபோல் பிளந்த முதல் இலையைக் காட்டிக்கொண்டிருக்கின்றன. உள்ளே என்ன நிறம் என்பது தோண்டும்போது தெரியும்.